கல் வளைவுக்கு வெள்ளை அடித்தவள்

தாமரைச்செல்வி என்ற பெயர் நம் உறவுக்குள் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு போன் பேச்சில்தான். மூலனூர் கலாவதி, தன் கடைசி மகன் ஜெயபிரகாஷுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த கையோடு, அமெரிக்காவில் இருக்கிற சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டாள். கலாவதி யார் என்றால், கன்னிவாடி சேனாபதியின் தங்கை. சேனாபதி யார் என்று கேட்டால் கதை வேறு பக்கம் போய்விடும், அதனால் அதை விடுவோம்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. பேருதான் தாமரைச்செல்வியாமா. கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிப்போகும்" என்றாள் கலாவதி.

அடுத்ததாக அவள் சொன்னதுதான் எல்லாரையும் சிரிக்க வைத்தது. பெண்ணின் அப்பா செல்வராஜுக்குத் தாராபுரத்தில் நூல் மில்லில் வேலை. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று, முந்தின நாள்தான் வீட்டு முகப்புக்கு வெள்ளை அடித்து, கீழே காவிப் பட்டை இழுத்திருக்கிறார். ஜெயபிரகாஷ் கூச்சத்தில் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டான். திரும்பிப் போகும்போது அவன் நீலச்சட்டையின் முதுகு முழுக்க வெள்ளை. பெண் அதைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். "சிரிச்சா பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவதான் மருமகள்னு" என்றாள் கலாவதி.

கல்யாணம் முடிந்து, ஜெயபிரகாஷ் வேலை பார்த்த நியூஜெர்சிக்கு அந்தச் சிரிப்போடு வந்தவள் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மெண்டுக்குள் அடைந்துபோனாள். பி.காம் படித்தவள். ஆனால் கணவன் விசாவில் வந்தவர்கள் வேலைக்குப் போக அப்போது வழியில்லை. ஜெயபிரகாஷ் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினால் இருட்டின பிறகுதான் வருவான். சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டை வாடகைக்கு விட்ட லீசிங் ஆபீஸைக் கேட்க வேண்டும். மகள் கயல் பிறந்து, வளர்ந்து, அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்தபோதுதான், அபார்ட்மெண்டின் பொது அறையில் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து அ, ஆ சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள்.

அது வளர்ந்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியானது. ஆனால் இடம்தான் நிலைக்கவில்லை. கொஞ்ச நாள் நூலகத்தில் ஓர் அறை. கொஞ்ச நாள் கோயிலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்துத் தாழ்வாரம். பிறகு ஒரு சர்ச் ஹாலில் இருந்தபோது, பக்கத்து அறையில் பாட்டுக் குழு உச்சஸ்தாயியில் பாட, இந்தப் பக்கம் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்ல, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வந்தது. பாதிரியார் ரொம்ப மரியாதையாக, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அப்போதுதான் இங்கிலீஷ் ஸ்கூல் கிடைத்தது. பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து அரைமணி நேரம் கார் ஓட்டினால் ஒரு சின்ன டவுன். அங்கே எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வாத்தியார், தான் படித்த ஊர்ப் பள்ளிக்கூடம் மாதிரியே ஒன்றைக் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டிவைத்த கட்டிடம் அது. பாடம் நின்று ரொம்பக் காலம் ஆகிவிட்டது. டவுன்காரர்கள் கூட்டத்துக்கும் வகுப்புக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தவுடன் சர்ச்சா பள்ளிக்கூடமா என்று சொல்ல முடியாது. செங்குத்தான கூரையில் சிலேட்டுக் கல் ஓடு. செங்கல்லை ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை தலைப்பக்கம் தெரியும்படி மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். உயரமான ஜன்னல்களைக் கல் கம்பங்கள் பிரிக்கும். வாசலுக்கு மேல் உச்சி கூராக ஒரு கல் வளைவு, அதில் ஓக் இலைகளைச் செதுக்கியிருந்தார்கள். அந்த மஞ்சள் சாம்பல் கல்லில் வெயில் படும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும்.

டவுன்காரர்கள் சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கொண்டுவந்து ஜெயபிரகாஷிடம் காட்டியபோது, "கார் சாவி மாதிரி இல்லையே, கோட்டைச் சாவி மாதிரி இருக்குதே" என்றான் அவன். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் நஞ்சப்பன் அங்கிள் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்: "ஏனுங்கம்மிணி, இங்கிலீஷ் ஸ்கூல்ல தமிழ் கிளாஸுங்களா? வெள்ளைக்கார வாத்தியாரு கேட்டா எந்திரிச்சு வந்துருவாரு."

"வந்தா அவருக்கும் ஒரு சிலேட்டு குடுப்போம் அங்கிள்" என்றாள் தாமரைச்செல்வி.

அங்கே வந்த பிறகு பள்ளி நிமிர்ந்தது. பிள்ளைகள் பெருகினார்கள். அவளும் நிமிர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், அந்தக் கனத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்து, ஜன்னல் வெளிச்சம் தரையில் கட்டம் கட்டமாக விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அமெரிக்காவுக்கு வந்து அத்தனை வருஷத்தில், தன் கையால் திறந்து மூடும் பெரிய கதவு அவளுக்கு அது ஒன்றுதான்.

அந்தக் கதவுக்குத்தான் ஆபத்து வந்தது. கட்டிடத்தை இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்ட ஒரு பில்டர் கேட்டான். டவுனில் பாதிப்பேர் சரி என்றார்கள், பாதிப்பேர் கூடாது என்றார்கள். பழைய கட்டிடங்களைப் பாதுகாக்க டவுனில் ஒரு குழு உண்டு. அந்தக் குழு இங்கிலீஷ் ஸ்கூலைப் பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்று முடிவு செய்துவிட்டால், பிறகு யாரும் இடிக்க முடியாது. முடிவு செய்வதற்கு முன் அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். குழுவில் ஒருத்தி ரூத் பெல்லமி. பழைய கல் வேலைகளைப் பழுதுபார்ப்பதுதான் அவளுக்குத் தொழில். அவள்தான் தாமரைச்செல்வியிடம் விஷயத்தைச் சொன்னாள்: "விஜயதசமி என்கிறீர்களே, அதற்கு மறுநாள் வருகிறோம். முகப்பு அப்படியே பழைய மாதிரி இருப்பதுதான் இதன் பலம்."

தாமரைச்செல்வி கேட்டதில் மனதில் நின்றது ஒன்றுதான். பார்க்க வருகிறார்கள்.

பார்க்க வருகிறார்கள் என்றால் நம் ஜனம் என்ன செய்யும்? வெள்ளை அடிக்கும். கல்யாணம் என்றால் அடிக்கும், கோயில் நோம்பி என்றால் அடிக்கும், கலெக்டர் வருகிறார் என்றால் மைல்கல்லுக்குக்கூட அடிக்கும். அந்த வாசல் வளைவோ மழையிலும் பனியிலும் கறுத்து, இலைச் செதுக்கலின் இடுக்கெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. இப்படியா விருந்தாளிக்கு முகம் காட்டுவது?

சனிக்கிழமை பெற்றோர்கள் இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நஞ்சப்பன் கடையிலேயே உசத்தியான வெளிச்சுவர் பெயின்டாக வாங்கிக்கொண்டு வந்தார். "பத்து வருஷத்துக்கு மழை உள்ள போகாதுங்கறான் அம்மிணி" என்றார் பெருமையாக.

கயல் மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, ஷுட்ன்ட் வீ ஆஸ்க் சம்படி?"

"சுத்தம் பண்றதுக்கு யாரைக் கேக்கோணும்? அந்த ஏணியைப் பிடி" என்றாள் தாமரைச்செல்வி.

முதல் பிரஷ்ஷை வளைவின் உச்சியில் அவளே வைத்தாள். மாலைக்குள் வளைவும், அதைச் சுற்றியிருந்த செங்கல் முகப்பும் பால் மாதிரி வெளுத்துவிட்டன. படிக்கட்டின் முகத்தில் பட்டை பட்டையாகக் காவி. மறுநாள் விஜயதசமிக்குச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து எழுதப் பழக்கினபோது, வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தாராபுரத்துக்குப் போட்டோ போனது. செல்வராஜ் பதில் போட்டார்: "பட்டை கோணாமல் வந்திருக்கிறது."

திங்கட்கிழமை குழு வந்தது. தாமரைச்செல்வி பட்டுப்புடவை கட்டி, சந்தனம், குங்குமம், கல்கண்டுத் தட்டோடு வாசலில் நின்றாள். கார்களிலிருந்து இறங்கியவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். ரூத் மட்டும் நடந்து வந்து, கல் இலையின் மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள்.

"இதை யார் செய்தது?" என்று கேட்டாள்.

"நாங்கதான்! எல்லாரும் சேர்ந்து!" என்று தாமரைச்செல்வி முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டை நீட்டினாள்.

ரூத் ஒரு கல்கண்டை எடுத்துக்கொண்டாள். வாயில் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். குழுத் தலைவர் ஒல்லியான மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்கள் பார்க்க வந்தது இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை" என்றார். முடிவு எடுப்பதை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் முகப்பு பழையபடி வந்தால் பேசலாம், வராவிட்டால் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கக் காரணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ரூத் மட்டும் போகவில்லை. கோபமாகவும் பேசவில்லை. அதுதான் தாமரைச்செல்விக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்கள் ஊரில் சுவருக்கு எதை அடிப்பீர்கள்?" என்று கேட்டாள்.

"சுண்ணாம்பு."

"சுண்ணாம்பு மூச்சு விடும். சுவருக்குள் ஈரம் போனால் அதன் வழியாக வெளியேயும் வந்துவிடும். இந்தப் பெயின்ட் பிளாஸ்டிக். இந்தச் செங்கல் பழசு, மெத்தென்று இருக்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் குளிரில் உறைந்தால், செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும்."

மழை உள்ளே போகாது என்று நஞ்சப்பன் பெருமைப்பட்டாரே, அதுதான் வினையாகிவிட்டது.

"சரி, இப்பவே எடுத்துடலாமா?"

"அவசரமாக எடுத்தால் பெயின்டோடு கல்லும் வரும். எடுக்கிற மருந்துக்கும் வெதுவெதுப்பு வேண்டும். வசந்தம் வரட்டும். அதுவரை குளிர் கொஞ்சமாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்" என்றாள் ரூத்.

அந்த ராத்திரி தாமரைச்செல்வி சாப்பிடவில்லை. ஜெயபிரகாஷ் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்க வீட்டு வெள்ளை என் சட்டையோட போச்சுன்னு நினைச்சேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த வாரமே நஞ்சப்பன் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். குழாயை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தாமரைச்செல்வி ஓடிவந்து, வளைவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"தள்ளி நில்லுங்கம்மிணி. அரைமணி நேரத்துல பளிச்சுன்னு பண்ணிப்போடறேன்."

"பளிச்சுன்னு பண்ணித்தான் அங்கிள் இந்த நெலமை. அந்தத் தண்ணி வேகத்துக்கு இலையெல்லாம் உதிர்ந்துரும்."

"கல்லு எலை எப்படிம்மிணி உதிரும்?"

"ரூத் காட்டினாங்க. நகத்துல கீறினா பொடி வருது. மெசினை நிறுத்துங்க."

"பெயின்ட் வாங்கினது நானு. எம்மேல பழி நிக்கக் கூடாதுல்ல?"

"வாங்கினது நீங்க, பூசினது நானு. பழியைப் பங்கு போட்டுக்கலாம். மெசினை மட்டும் நிறுத்துங்க."

நஞ்சப்பன் குழாயைக் கீழே இறக்கினார். பிறகு, "வந்ததுக்கு என்ற காரையாவது கழுவிக்கறேன்" என்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குளிர்காலம் வேண்டுதலுக்குக் கட்டுப்படவில்லை. பனி விழுந்தது, உருகியது, மறுபடி உறைந்தது. தாமரைச்செல்வி வாரநாளிலும் காரை எடுத்துக்கொண்டு போய், முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். தை மாதம் ஒரு காலையில் படியில் வெள்ளையாக ஒரு சில்லு கிடந்தது. எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் சிவப்பு. பெயின்டோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்திருந்தது. மேலே பார்த்தால் அந்த இடம் தோல் உரிந்த முழங்கால் மாதிரி இருந்தது. அவள் காருக்குள் உட்கார்ந்து ரூத்துக்குப் போன் செய்தாள். ரூத் வந்து பார்த்தாள். "ஒன்றுதான். இன்னும் விழலாம், விழாமலும் போகலாம்" என்றாள். இன்னும் சில சில்லுகள் விழுந்தன. ஒவ்வொன்றையும் தாமரைச்செல்வி பழைய துணியில் சுற்றி உள்ளே வைத்தாள்.

ஏப்ரலில் வேலை தொடங்கியது. ரூத் ஒரு பசையைக் கொண்டுவந்தாள். அதைத் தடிமனாகப் பூசி, மேலே தாள் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். பெயின்ட் இளகிப் பசையோடு சேர்ந்துகொள்ளும். மறுநாள் தாளை உரித்து, மெத்தென்ற பிரஷ்ஷும் தண்ணீரும் வைத்துத் துடைக்க வேண்டும்.

"இது பத்து போடறதுதானே" என்றாள் தாமரைச்செல்வி. கால் சுளுக்கினால் போடுவோமே, அதை ரூத்துக்கு விளக்கினாள். ரூத் தலையாட்டிவிட்டு, "கல்லுக்கும் சுளுக்குத்தான்" என்றாள்.

பெற்றோர்கள் முதல் வாரம் கூட்டமாக வந்தார்கள், அடுத்த வாரம் குறைந்தார்கள். செங்கல் பக்கம் எளிதாக வந்தது. இலைச் செதுக்கல்தான் வதைத்தது. ஒவ்வொரு இலைக்கும் நரம்பு, ஒவ்வொரு நரம்புக்கும் பள்ளம். தாமரைச்செல்வி மூங்கில் குச்சியைச் சீவி, அதன் முனையால் நோண்டி நோண்டி எடுத்தாள். கயல் பள்ளி முடிந்து வந்து கீழேயிருந்து வாளி மாற்றிக் கொடுப்பாள். ஒருநாள் அவளாகவே, தமிழில், "அம்மா, அந்தக் கடைசி இலை இன்னும் வெள்ளையா இருக்கு" என்றாள். தாமரைச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை, கேட்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தாள். பார்த்தால் அவள் மறுபடி இங்கிலீஷுக்குப் போய்விடுவாளோ என்று பயம்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு முகப்பு முக்கால்வாசி பழையபடி வந்துவிட்டது. ஆனால் வளைவின் உச்சியில், அவள் முதல் பிரஷ் வைத்த இடத்தில், இலைப் பள்ளங்களில் வெள்ளை போகவே இல்லை. பில்டரின் வக்கீல் அந்த இடத்தைத்தான் பெரிய திரையில் போட்டுக் காட்டினான். "எதைப் பாதுகாக்கப் போகிறீர்கள்? பழைய முகம் போய்விட்டது. செங்கல் பெயர்ந்திருக்கிறது, கல்லில் கறை. இதைச் செய்தவர்கள் கட்டிடத்தை நேசிப்பதாகச் சொல்கிறவர்களேதான்."

ஹாலில் சலசலப்பு. தாமரைச்செல்வி மைக் பக்கம் போனாள். ஜெயபிரகாஷ் அவள் பையை வாங்கிக்கொண்டான். அவள் இங்கிலீஷ் நிதானமான இங்கிலீஷ், ஒவ்வொரு வார்த்தையையும் தொட்டுத் தொட்டுப் பேசுவாள்.

"அவர் சொன்னது உண்மை. நான்தான் செய்தேன். எங்கள் வழக்கத்தில் மரியாதைக்குரியவர்கள் வந்தால் வீட்டுக்கு வெள்ளை அடிப்போம். நீங்கள் வருகிறீர்கள் என்று அடித்தேன். சாவி என் கையில் இருந்தது, கேட்க யாரும் இல்லை. ஒரே நாளில், கடையில் வாங்கின டப்பாவை வைத்து, நூறு வருஷத்துக்கு மேலான கல்லை நான் கெடுத்துவிட்டேன். பிரியம் வைத்தவள் கையிலேயே இவ்வளவு கெட்டுப்போகும் என்றால், பிரியம் இல்லாதவர் கையில் என்ன ஆகும்? எனக்கு முன்னால் ஒரு சட்டம் நின்றிருந்தால் நான் அடித்திருக்க மாட்டேன். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். என்னைப் போன்றவர்களைத் தடுக்க ஒரு சட்டம் கொடுங்கள்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். பாதுகாப்பு வந்தால் கூரையும் சுவரும் முறையாகப் பழுதுபார்க்கப்படும். அது முடிய வருஷக்கணக்காகும். அதுவரை யாரும் உள்ளே வகுப்பு நடத்த முடியாது. உங்கள் பள்ளியும்தான்."

பின்வரிசையில் தமிழ்ப் பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ, "இதை முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று முணுமுணுத்தது மைக் வரைக்கும் கேட்டது.

மறுபடி நூலக அறை, கோயில் தாழ்வாரம், யாரோ ஒருவர் மரியாதையாகப் போகச் சொல்வது, எல்லாம் தாமரைச்செல்வியின் கண்ணுக்குள் வந்து போயிருக்கும்.

"சரி. கட்டிடம் நிற்கட்டும்" என்றாள்.

வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கட்டிடம் தப்பியது. வெளியே வந்ததும் கைதட்டல் ஒன்றும் இல்லை. இரண்டு அம்மாக்கள் அவளிடம் பேசாமலே காரில் ஏறிவிட்டார்கள். நஞ்சப்பன்தான் பக்கத்தில் வந்து, "நம்மளத் தடுக்கச் சட்டம் கேட்ட மொதல் ஆளு நீங்கதானுங்கம்மிணி" என்றார்.

"கோவமா அங்கிள்?"

"கோவம்தான். ஆனா எடம் பாக்க வண்டி எடுத்துட்டு நாளைக்கு வர்றேன். வேற யாரு வருவா?"

இரண்டு பேருமாக அலைந்து பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மிடில் ஸ்கூலின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தார்கள். பீட்சா வாசனை இன்னும் போகவில்லை, ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளிப் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். வேலைக்கு அனுமதி தாமரைச்செல்விக்கு ஏற்கெனவே வந்திருந்தது, எந்த வேலைக்குப் போவது என்றுதான் தெரியாமல் இருந்தாள். பழுதுபார்க்கும் பணி ரூத்திடம் வந்தபோது, ரூத் வேறு யாரையும் கேட்பதற்கு முன் அவளைத் தன்னோடு வேலைக்கு வரக் கேட்டாள்.

கலாவதிக்கு இது பிடிக்கவில்லை. "பி.காம் படிச்ச புள்ள சாரத்துல ஏறி நிக்குதாம்" என்று இப்போதும் போன் போட்டுச் சொல்கிறாள். சொல்லும்போது குரலில் பெருமையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

தாமரைச்செல்வி இப்போது பிளெய்ன்ஸ்பரோவில் அதே அபார்ட்மெண்டில் இருக்கிறாள். வாரநாட்களில் இங்கிலீஷ் ஸ்கூலின் மேற்குச் சுவரில், சாரத்தின் இரண்டாம் தட்டில், செங்கல் இடுக்குகளுக்குச் சுண்ணாம்புக் கலவை பூசும் வேலையில் இருக்கிறாள்.